பூமலையும் நம் பால்மரமும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகளுக்குப் பட்டணம் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. கடைத்தெருவையும் உயர்ந்த கட்டடங்களையும் பார்த்துக் களைத்தபின், நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்க்க ஓர் இடம் தேடுகிறோம். அப்படித் தேடுவோருக்குச் சிங்கப்பூரில் நூற்றாண்டுகளைக் கடந்த ஒரு பூங்கா இருக்கிறது. தாவரவியல் பூங்கா என்பது அதன் ஏட்டுப் பெயர். நம்மவர்கள் அதற்கு வைத்த பெயர் பூமலை.

பூமலை என்றதும் பூக்களைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் இடம் என்றுதான் பலர் எண்ணுகிறோம். ஆனால் நம் தோட்டங்களில் நிரை நிரையாக நின்ற பால்மரம் இந்தப் பூங்காவின் வழியாகத்தான் வந்தது. அந்த மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையும் இங்கேதான் உருவாயிற்று. நம் பாட்டனும் பூட்டனும் கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்ததற்கும் இந்தப் பூங்காவுக்கும் தொடர்பு உண்டு. அந்த வரலாற்றை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் ஆங்கிலேயரின் வாணிபத்தளம் 1819-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதை நிறுவிய ராஃபிள்ஸ் செடிகொடிகளில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். 1822-இல் இன்று ஃபோர்ட் கேனிங் என்று வழங்கும் குன்றில் முதல் தாவரவியல் தோட்டத்தை அவர் அமைத்தார். அது மாலையில் காற்று வாங்குவதற்காக அமைத்த தோட்டமன்று. சாதிக்காயும் கிராம்பும் இந்த மண்ணில் விளையுமா, விளைந்தால் இலாபம் தருமா என்று சோதித்துப் பார்ப்பதே அதன் நோக்கம். ராஃபிள்ஸ் ஊர் திரும்பிய பிறகு அதைப் பேணப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. 1829-இல் அத்தோட்டம் மூடப்பட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1859-இல், வேளாண்மையிலும் தோட்டக்கலையிலும் நாட்டம் கொண்ட சிலர் ஒரு சங்கமாகச் சேர்ந்து தங்ளின் பகுதியில் புதிய பூங்காவைத் தொடங்கினார்கள். இன்று நாம் காணும் பூமலை அதுவே. அதற்கான நிலம், வாம்போவா என்று ஊரார் அழைத்த சீன வணிகர் ஹூ ஆ கேயிடமிருந்து, வேறு நிலத்துக்கு மாற்றாகப் பெறப்பட்டது. லாரன்ஸ் நிவன் என்பவர் பூங்காவின் மேலாளராக இருந்து, மேடு பள்ளங்களை அப்படியே அழகாக்கி, வளைந்து வளைந்து செல்லும் பாதைகளை அமைத்தார். 1866-இல் அன்ன ஏரி வெட்டப்பட்டது. ஒரு மேட்டைச் சமன்படுத்தி, பட்டாளத்து வாத்தியக் குழுவினர் இசைப்பதற்கு இடம் ஒதுக்கினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும் மாலைப் பொழுதைக் கழிக்கும் இடமாக அது அப்போது விளங்கியது.

அழகுக்குச் செலவழித்ததில் சங்கம் கடனில் ஆழ்ந்தது. 1874-இல் பூங்காவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்தில் பயின்ற ஹென்றி மர்ட்டன் என்ற இளைஞர் இங்குப் பொறுப்பேற்றார். கியூ தோட்டம் எத்தகையது? பிரிட்டிஷ் ஆட்சி பரவியிருந்த நாடுகளிலெல்லாம் எந்தச் செடி எங்கே பிழைக்கும், எது பணம் தரும் என்று ஆராய்ந்து, ஒரு நாட்டுச் செடியை இன்னொரு நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த தலைமைப் பண்ணை அது. அந்தக் கியூவோடு பூமலைக்கு ஏற்பட்ட உறவுதான் நம் கதையின் திருப்பம்.

ரப்பர் மரத்தின் தாய்வீடு தென்னமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டின் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலில் ஏற்றிக் கியூவுக்குக் கொண்டு சேர்த்தார். ரப்பர் கொட்டை எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியாததா? வெயிலில் படீரென்று வெடித்து விழும். பிள்ளைகள் பொறுக்கியெடுத்துக் கல்லில் தேய்த்து, சூடு ஏறியதும் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலற வைப்பார்கள். பார்ப்பதற்கு அத்தனை கெட்டியாக இருந்தாலும், உள்ளே எண்ணெய்ப் பசை உள்ள விதை அது. சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். அதனால்தான் கியூவில் விதைத்த அத்தனை கொட்டைகளில் சுமார் 2,700 மட்டுமே முளைத்தன. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன.

இருபத்திரண்டே கன்றுகள்! அவற்றில் 11 கன்றுகளைப் பூமலையில் நட்டார்கள். 9 கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோல கங்சாருக்குச் சென்றன. அங்கு ஆங்கில ஆட்சியாளரின் பிரதிநிதியாக இருந்த ஹியூ லோ அவற்றை நட்டு வளர்த்தார். அந்த ஒன்பதில் ஒரு மரம் கோல கங்சார் நகரில் இன்றும் நிற்கிறது. பேராக் பக்கம் போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய மரம் அது. 1879-இல் பூமலையின் வட பகுதியில் பணப்பயிர்களுக்கென்றே ஒரு தனித் தோட்டம் தொடங்கப்பட்டது. ரப்பர் கன்றுகள் அங்கே பெருகத் தொடங்கின.

மரம் வளர்ந்துவிட்டது. பாலை எப்படி எடுப்பது? அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கோடரி ஆழமாகப் பாய்ந்தால் மரம் புண்ணாகி, முண்டும் முடிச்சுமாகி, பால் வற்றிப்போகும். பரந்த காட்டில் ஒரு மரம் கெட்டால் அடுத்த மரத்துக்குப் போகலாம். காசு போட்டு நட்டு வளர்த்த தோட்டத்தில் அது முடியுமா?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. 1888 முதல் 1912 வரை பூமலையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அவர் வந்தபோது முதல் மரங்களுக்கு வயது பதினொன்று. அவர் பூமலை மரங்களிலேயே பலவாறு வெட்டிச் சோதனை செய்தார். பட்டையை மெல்லிய சீவலாக, மரத்தின் உட்பகுதி புண்படாதபடி சீவினால், காயம் ஆறிப் புதுப்பட்டை வளரும் என்று கண்டார். சீவிய இடத்தையே மறுமுறை மெலிதாகச் சீவினால் முன்னைவிட அதிகப் பால் வரும் என்றும் கண்டார். நடுவில் ஒரு நேர்க்கோடும் அதன் இருபுறமும் சாய்வான வெட்டுகளுமாக, மீன் முள்ளைப் போன்ற வெட்டு முறை அப்போது வழக்கத்துக்கு வந்தது. பிற்காலத்தில் அது சுருங்கி, மரத்தின் பாதிச் சுற்றுக்கு ஒரே சாய்வான வெட்டு என்று ஆனது. நம் பெற்றோர் வெட்டியது அந்த வெட்டுத்தான்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒன்றை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். பால்மரம் வெட்டுவது படிக்காதவர் வேலை என்று சிலர் எளிதாகப் பேசிவிடுகிறார்கள். அதிலுள்ள அறிவைப் பாருங்கள். பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தை வளரச் செய்யும் மெல்லிய படலம் இருக்கிறது. பால்குழாயை வெட்ட வேண்டும், அந்தப் படலத்தைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே விடும் பட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கத்தி சற்று ஆழ்ந்தால் மரத்தில் காயம். சற்று மேலோடு நின்றால் மங்கில் பால் இல்லை. அரையிருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த அளவு தவறாமல் வெட்டிய கை எத்தனை பழகிய கை!

வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வருகிறது? பால்குழாய்கள் செங்குத்தாக ஓடாமல் சற்றே சாய்ந்து மரத்தைச் சுற்றிப் போகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகக் குழாய்களைத் திறந்துவிடும். ஏன் விடியுமுன்னே பெரட்டுக்குப் போக வேண்டும்? இரவில் இலைகள் வழியாக நீர் அதிகம் போவதில்லை. மரத்தில் நீர் நிறைந்து, குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். விடியற்காலையில் வெட்டினால் பால் நெடுநேரம் ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து பாலும் குறையும். அதிகாலை வெட்டே சிறந்தது என்பதும் ரிட்லியின் சோதனைகளில் தெரியவந்த உண்மை. நம் அம்மாக்கள் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டோடு ஓடியதற்கு இப்படியும் ஒரு காரணம் இருந்தது.

ரிட்லி சொன்னதைத் துரைமார்கள் உடனே கேட்டார்களா? இல்லை. மலாயாவில் அப்போது காப்பிக்குத்தான் மதிப்பு. பால் தர ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய மரத்தை யார் நடுவார்கள்? ரிட்லியோ போகிற இடமெல்லாம் ரப்பர் விதைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், பார்க்கிறவர்களிடம் நடச் சொல்லி வற்புறுத்தினார். பைத்தியக்கார ரிட்லி என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவர் பேச்சை நம்பி வணிக முறையில் முதலில் ரப்பர் நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் அவருடைய தோட்டம் தொடங்கியது.

அதற்குப் பின் காலம் மாறியது. பிரேசிலில் காப்பி மிகுதியாக விளைந்து உலகச் சந்தையில் விலை சரிந்தது. இங்குள்ள காப்பித் தோட்டங்களை நோயும் பூச்சியும் வாட்டின. அதே வேளையில் மோட்டார் வண்டிகள் பெருகி, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. சிரித்தவர்களெல்லாம் விதை கேட்டுப் பூமலைக்கு வந்தார்கள். 1917-க்குள் அங்கிருந்து வெளியே சென்ற ரப்பர் விதைகள் 70 லட்சத்துக்கும் மேல். 1920-களின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் நட்ட நிலம் 20 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

நேயர்களே, விதை வந்தது, கத்தி வந்தது, நிலமும் வந்தது. கை எங்கிருந்து வந்தது?

திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் தடுக்கப்பட்ட பின், கங்காணிகள் தங்கள் ஊருக்குப் போய் உற்றார் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வருவதே பெருவழக்காயிற்று. அதற்கு முன்பே, 1907-இல், தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கிக் கப்பல் செலவைக் கொடுக்க ஒரு நிதியம் ஏற்பட்டிருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்டதும் கண்கலங்கும் முதியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் இவ்வகை ஆள்சேர்ப்பைத் தடை செய்யும்வரை இந்த வரவு தொடர்ந்தது. வந்தவர்கள் காட்டை அழித்தார்கள், கன்று நட்டார்கள், காய்ச்சலில் மடிந்தார்கள், பிழைத்தவர்கள் குடும்பம் அமைத்தார்கள். ரிட்லியின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. வெட்டியவர்களின் பெயர்கள் செக்ரோலில் இருந்தன. செக்ரோல்களை யார் பத்திரப்படுத்தினார்கள்?

இதைச் சொல்வது ரிட்லியின் பெருமையைக் குறைப்பதற்காக அன்று. அவர் நூறு வயது வாழ்ந்து 1956-இல் மறைந்த பேரறிஞர். ஆனால் ஒரு கண்டுபிடிப்பு உலகத்துக்குப் பயன்பட வேண்டுமானால், அறிஞனின் மூளைக்குப் பிறகு ஆயிரமாயிரம் பேரின் கை வேண்டும். அந்த இரண்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் வரலாறு பாதியாகிவிடும்.

நம் தோட்டங்களின் இன்னொரு மரத்துக்கும் பூமலையில் ஓர் இடம் உண்டு. எண்ணெய்ப்பனை 1870-களில் இங்கு வந்தபோது வெறும் அழகு மரமாகவே வைக்கப்பட்டது. 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் தோட்டத்தில்தான் மலாயாவில் முதன்முறையாக வணிகத்துக்காக எண்ணெய்ப்பனை பயிரிட்டார்கள். பிற்காலத்தில் பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டதையும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்ததையும் நாம் அறிவோம்.

இனி, பூமலையின் பிற சிறப்புகளுக்கு வருவோம். 1893-இல் ஆர்மீனியக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணி தம் தோட்டத்தில் மலர்ந்த ஒரு புதிய ஆர்க்கிட் பூவை ரிட்லியிடம் காட்டினார். அதை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவர் ரிட்லி. வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற அந்த ஊதாநிறப் பூவே 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. 1925 முதல் 1949 வரை தலைவராயிருந்த ஹோல்ட்டம், ஆர்க்கிட் விதைகளைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து முளைக்கச் செய்யும் முறையைக் கொண்டு புதிய கலப்பினங்களை உருவாக்கினார். அவருக்குத் துணையாயிருந்த கார்னர், உயர்ந்த மரங்களின் உச்சியிலுள்ள பூவையும் காயையும் பறித்துவர, தேங்காய் பறிக்கும் பெரோக் குரங்குகளைப் பழக்கினார். பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி வேடிக்கையாக இருக்கும்.

1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோதும் பூமலை அழியவில்லை. அதன் நூல்களும் உலர்த்திய தாவரங்களும் காக்கப்பட்டன. அந்நாளில் போர்க்கைதிகள் செய்த செங்கற்கள் பூங்காவின் படிக்கட்டில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் கைதிகள் பதித்த அம்புக்குறியைக் காணலாம். நம்மவர்கள் பலரைச் சயாம் மரண இரயில் பாதைக்கு வாரிக்கொண்டுபோன அதே ஆண்டுகள் அவை. அந்தப் படியில் கால் வைக்கும்போது ஒரு நொடி நின்று நினைத்துக்கொள்வது நல்லது.

துரைமாருக்காக வாத்தியம் முழங்கிய அதே பூங்காவில், சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற 1959-இல், பொதுமக்களுக்கான பல்சுவைக் கலைநிகழ்ச்சி நடந்தது. மலாய், சீன, இந்தியக் கலைகள் ஒரே மேடையில் அரங்கேறின. பூங்கா மக்கள் சொத்தாகிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். 2015 ஜூலை 4-ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனம் பூமலையை உலக மரபுடைமை இடமாக அறிவித்தது. சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் மரபுடைமைச் சிறப்பு அதுவே. அதற்குக் காட்டிய காரணங்களில் ரப்பர் ஆராய்ச்சிக்கு முதன்மையான இடம் உண்டு.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் கவனிக்க. பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 200 ஏக்கர். அதிகாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1995-இல் திறந்த தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. தங்ளின் வாயிலில் நுழைந்தால் முதலில் அன்ன ஏரி. புல்வெளியில் ஒரு பெரிய தெம்புசு மரம் தாழ்ந்த கிளையைக் கை போல நீட்டிக்கொண்டு நிற்கும். 1999-இல் வெளிவந்த ஐந்து வெள்ளி நோட்டில் இருப்பது அந்த மரந்தான். பூங்கா பிறப்பதற்கு முன்பே அது அங்கே நின்றது. சற்றுத் தள்ளி ஏறத்தாழ 15 ஏக்கரில் பழைய மழைக்காடு. நம் முன்னோர் அழித்துத் தோட்டமாக்கிய காடு எப்படி இருந்திருக்கும் என்று அறிய அங்கே சற்று நடந்தால் போதும். இஞ்சித் தோட்டத்தில் இஞ்சி, மஞ்சள், வாழை ஆகியவற்றின் உறவுச் செடிகளைக் காணலாம். சிறு பிள்ளைகளுக்கென்று 2007-இல் திறந்த ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் தனியே உண்டு.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, பூங்காவிலுள்ள ரப்பர் மரத்தையும் தேடிச் சென்று பாருங்கள். மற்றவர்களுக்கு அது பெயர்ப்பலகை மாட்டிய இன்னொரு மரம். நமக்கு அப்படியன்று. கத்தி பிடித்தறியாத நம் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டையைத் தொட்டுக் காட்டுங்கள். எந்தப் பக்கம் உயர்த்தி வெட்ட வேண்டும், ஒட்டுப்பாலை எப்படி உரிக்க வேண்டும் என்று தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையே சொல்லச் செய்யுங்கள். வீடு திரும்பியதும் ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்து, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டு முதல், எத்தனை மரம் வெட்டினார்கள் என்று எழுதிவையுங்கள். பூமலையில் ஒவ்வொரு செடிக்கும் பெயரும் பிறந்த நாடும் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் பெயரையும் ஊரையும் எழுதிவைக்க வேண்டியவர்கள் நாம்.